டெம்போ டிராவலரை வீடாக மாற்றுகிறேன். சோலாருக்கு எத்தனை வாட் பேனல் வேண்டும்? வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியையே போடலாமா? ஏசி ஓடுமா?

பேனலில் ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று 540 வாட் பேனல் இரண்டு வாங்கினேன். ஒவ்வொன்றும் 7 அடிக்கு மேல் நீளம். கூரையில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. மற்றது இன்றும் மாமனார் வீட்டு மொட்டை மாடியில் சும்மா சாய்ந்து கிடக்கிறது.

முதலில் ஒரு நாள் செலவை எழுதிப் பாருங்கள். எங்கள் வண்டியில் 45 வாட் ஃப்ரிட்ஜ் நம் வெயிலுக்குப் பாதி நேரமாவது ஓடும், அது 540 வாட் ஹவர். 28 வாட் ஃபேன் பத்து மணி நேரம் என்றால் 280. லேப்டாப் 180. விளக்கு, போன், தண்ணீர் பம்ப், மிக்ஸி எல்லாம் சேர்ந்து 200. ஆக 1,200, அதாவது 1.2 யூனிட்.

இந்தக் கணக்கில் பலர் விட்டுவிடுவது இன்வெர்ட்டர் தனக்கே தின்பதை. சும்மா ஆன் செய்து வைத்தாலே 15 வாட் போகும். நாள் முழுக்க என்றால் 360, ஃபேனை விட அதிகம்! அதனால் ஃப்ரிட்ஜ், ஃபேன், விளக்கு மூன்றையும் 12 வோல்ட்டிலேயே ஓடுவதாக வாங்குங்கள். மிக்ஸிக்கு மட்டும் இன்வெர்ட்டரைப் போட்டு, வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம்.

டியூபுலர் வேண்டாம். 150 ஏஹெச் (ஆம்பியர் ஹவர், அதாவது கொள்ளளவு) பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். இரண்டு நாள் தாங்க அப்படி மூன்று வேண்டும், எடை 160 கிலோவைத் தாண்டும். மலைப்பாதைக் குலுக்கலில் ஆசிட் சிந்தும், சார்ஜ் ஏறும்போது வாயு வரும், நீங்கள் பக்கத்திலேயே படுத்திருப்பீர்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 12.8 வோல்ட் 200 ஏஹெச் ஒன்று போதும், 25 கிலோவுக்குள் முடிந்துவிடும். லடாக் ஆசை இருந்தால், 0 டிகிரிக்குக் கீழே சார்ஜை நிறுத்தும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) அதில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

தமிழ்நாட்டில் பேனலைக் கூரையில் படுக்கவைத்தாலும் பெரிய நஷ்டமில்லை, சூரியன் பெரும்பாலும் தலைக்கு மேல்தான். சூடுதான் எதிரி. கூரைக்கும் பேனலுக்கும் நடுவே இரண்டு அங்குலம் காற்றோட்டம் விடுங்கள். ஒட்டுகிற வளையும் பேனல் பக்கமே போக வேண்டாம், வெந்துவிடும். சூடு, தூசி, மர நிழல் எல்லாம் போக 400 வாட் இருந்தால் நம் 1,200 வந்துவிடும். வீட்டுப் பேனல் 40 வோல்ட்டுக்கு மேல் தருவதால், அதை 12 வோல்ட் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர்தான் சரி. அப்படி மாற்றத் தெரியாத மலிவான பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் போட்டால் பாதிக்கு மேல் வீண்.

இனி வயர். நான் நன்றாக அடிபட்ட இடம் இதுதான். வால்பாறையில் ஒரு காலை, சட்னிக்கு மிக்ஸியைத் திருகியதும் இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்தது. பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தது. இன்வெர்ட்டரைத்தான் திட்டினேன். குற்றவாளி, பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே வண்டி மாற்றித் தந்தவர் போட்டிருந்த மெல்லிய 6 ஸ்கொயர் எம்எம் வயர். 750 வாட் மிக்ஸிக்கு 12 வோல்ட்டில் 70 ஆம்பியர் ஓடும். போக வர மொத்தம் 5 மீட்டர் வயரிலேயே 1 வோல்ட் காணாமல் போகும், மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் அதற்கும் மேல். 35 ஸ்கொயர் எம்எம் மாற்றினேன், அதன்பின் சட்னி தடைபடவில்லை. பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஒரு ஃபியூஸ் கட்டாயம். வண்டி தீப்பிடிக்கப் பேனல் தேவையில்லை, ஃபியூஸ் இல்லாத ஒரு வயர் உரசினால் போதும்.

மழைக்காலத்துக்கு, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து, இழுப்பைக் கட்டுக்குள் வைக்கும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று போடுங்கள். நேரடியாக இணைத்தால் லித்தியம் இழுக்கிற இழுப்பில் ஆல்டர்னேட்டர் புகைந்துவிடும்.

ஏசியா? ஓர் இரவுக்கு நாலைந்து யூனிட் கேட்கும். அதற்குப் பேனல் வைக்க இன்னும் இரண்டு கூரை வேண்டும். நாங்கள் மே மாதம் வண்டியை மலைக்கு ஏற்றிவிடுகிறோம்.