பிள்ளையின் பெயரை கூகுளில் தேடினால் என்ன வர வேண்டும்?

"அடுத்த வருடம் மகன் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறான். சோஷியல் மீடியா கணக்குகளை எல்லாம் இப்போதே அழித்துவிடச் சொல்லட்டுமா?" பெற்றோர் பதறிப்போய்க் கேட்கும் கேள்வி இது. அழிக்க வேண்டாம். கணக்கை மூடினால் அவன் போட்டது மட்டும்தான் போகும். நண்பர்கள் போட்ட படங்கள் போகாது, யாரோ எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டும் போகாது. அதோடு, வேலைக்கு ஆள் எடுக்கப் பெயரைத் தேடும் அதிகாரிக்கு ஒன்றுமே கிடைக்காமல் போகலாம், அல்லது அதே பெயருள்ள வேறொருவர் முன்னால் வந்து நிற்கலாம். கெட்டதை எடுப்பது பாதி வேலைதான். தேடுபவர் கண்ணில் முதலில் படும்படி உண்மையான, உருப்படியான ஒன்றை வைப்பது மீதிப் பாதி. பெரும்பாலான மாணவர்கள் கோட்டை விடுவது இந்த இரண்டாவது பாதியில்.

முதலில் தேடிப் பாருங்கள். தேடுவது அவன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பிரவுசரில் இன்காக்னிட்டோ பக்கத்தை, அதாவது சொந்தக் கணக்கோடு சேராத தனிப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். சொந்தக் கணக்கில் இருந்தபடி தேடினால் கூகுள் அவனுக்கேற்ற முடிவுகளைக் காட்டக்கூடும். முழுப் பெயரையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேட வேண்டும். பிறகு பெயரோடு கல்லூரி, பெயரோடு ஊர், மின்னஞ்சல் முகவரி, போன் நம்பர் என்று ஒவ்வொன்றாகத் தேடலாம். படங்கள் பகுதியையும் இரண்டாம் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம் பழைய யூசர்நேம். பதிமூன்று வயதில் ஒரு கேம் தளத்தில் வைத்த பெயரையே இன்று இன்ஸ்டாகிராமிலும் வைத்திருந்தால், அந்த ஒரு நூலைப் பிடித்தே இடைப்பட்ட அத்தனை வருடங்களையும் இழுத்துவிடலாம்.

கிடைப்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யார் கையில் இருக்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். தன் கையிலா, நண்பர் கையிலா, வேறு தளத்தின் கையிலா? வைத்தியம் அதைப் பொறுத்தது.

தன் கையில் இருப்பது எளிது. பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்ற ஃபேஸ்புக்கில் வசதி இருக்கிறது. இன்ஸ்டாகிராமை பிரைவேட் ஆக்கிவிட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்று நம்புகிறார்கள். மறையாது. முகப்புப் படமும் பயோவும் யாருக்கும் தெரியும். பிறருடைய பொதுப் பக்கங்களில் எழுதிய கமெண்ட்டும் அங்கேயே நிற்கும். மாணவர்களுக்குச் சங்கடம் வருவது பெரும்பாலும் சொந்தப் பதிவால் அல்ல, நள்ளிரவில் யாரோ ஒருவர் பதிவுக்குக் கீழே போட்ட கமெண்ட்டால்தான். இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸில் 'உங்கள் செயல்பாடு' பகுதிக்குப் போனால் கமெண்ட்டுகளை வரிசையாகப் பார்த்து மொத்தமாக அழிக்கலாம்.

நண்பர் பக்கத்தில் இருக்கும் படத்துக்குத் தனியாகக் கேட்பதுதான் வழி. படத்தில் அவன் பெயரை இணைக்கும் டேக்கை நீக்கினால் பெயர் மட்டும் பிரியும், படம் அங்கேயே இருக்கும். வேறு தளத்தில் இருந்தால் தள நிர்வாகிக்கு எழுத வேண்டும். அவர்கள் நீக்கிய பிறகும் கூகுள் முடிவில் பழைய வரிகள் தெரிந்தால், காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கோரும் கூகுள் படிவம் இருக்கிறது. மூலப் பக்கத்தில் அந்த விஷயம் இன்னும் இருக்கும்வரை அந்தப் படிவத்தால் பயனில்லை. 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த 'மறக்கப்படும் உரிமை' தீர்ப்பைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த வழக்கிலும் பெயரைத் தேடினால் வரும் இணைப்பைத்தான் கூகுள் எடுக்க வேண்டியிருந்தது, அந்தச் செய்தி இருந்த பத்திரிகையின் பக்கம் அழிக்கப்படவில்லை.

மூடிய குழுவில் பேசியது வெளியே வராது என்ற நம்பிக்கையையும் உடைத்துவிட வேண்டும். 2017-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் குறைந்தது 10 பேருக்குக் கொடுத்த சேர்க்கையைத் திரும்பப் பெற்றது. அவர்கள் ஒரு தனிப்பட்ட ஃபேஸ்புக் குழுவில் பகிர்ந்த வக்கிரமான மீம்கள்தான் காரணம்.

ஒரு விஷயத்தை மட்டும் தயங்காமல் பேசிவிடுங்கள். அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்கக் கூடாது, பிள்ளையைத் திட்டவும் கூடாது. திட்டுவார்கள் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள், மிரட்டுபவனுக்கு அந்த மௌனம்தான் பலம். மிரட்டல் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு போலீஸில் புகார் கொடுங்கள், படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள். படம் 18 வயதுக்கு முன் எடுத்தது என்றால் 'டேக் இட் டவுன்', பெரியவர்களுக்கு 'ஸ்டாப்என்சிஐஐ' என்ற இலவசச் சேவைகள் உண்டு. படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை, அதாவது படத்திலிருந்து உருவாக்கிய ஒரு அடையாளக் குறியீடு மட்டும் போகும். சேவையில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்துத் தடுக்கின்றன.

இனி, கட்டும் வேலை. வேலை தேடுபவர்களும் ஆள் எடுப்பவர்களும் பயன்படுத்தும் லிங்க்ட்இன் தளத்தில் கணக்கு தொடங்க 16 வயது ஆகியிருக்க வேண்டும். பதிவு செய்யும்போது கல்லூரி கொடுத்த மின்னஞ்சலை மட்டும் நம்பாதீர்கள். படிப்பு முடிந்து அது மூடப்பட்டால் பாஸ்வேர்டை மீட்க வழியில்லாமல் போகும். பெயர் சான்றிதழில் இருப்பது போலவே ஒரே எழுத்துக்கூட்டலில் எல்லா இடத்திலும் இருக்கட்டும். ஓரிடத்தில் இனிஷியல் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால் என்றிருந்தால் தேடுபவருக்கு இரண்டு ஆட்களாகத் தெரியும்.

லிங்க்ட்இனில் பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்து இடமுண்டு. அதில் "மாணவர், வேலை தேடுகிறேன்" என்று எழுதி வீணடிக்கிறார்கள். "பி.காம் இறுதியாண்டு, டாலி, எக்செல், ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலில் பயிற்சி" என்று எழுதினால் ஆட்களைத் தேடுபவர் தட்டும் சொற்கள் அதிலேயே கிடக்கும். 'அறிமுகம்' பகுதியில் 2,600 எழுத்து எழுதலாம். ஆனால் முதல் சில வரிகள்தான் திறந்தவுடன் தெரியும், மற்றதற்கு 'மேலும்' என்பதை அழுத்த வேண்டும். அந்த முதல் வரிகளில் "கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுபவன்" என்று இருந்தால் யாரும் அழுத்த மாட்டார்கள். "துறை நூலகத்தின் 1,200 புத்தகங்களை எக்செல்லில் பட்டியலிட்டேன். இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்க ஒரு ஃபார்முலா எழுதினேன்" என்று இருந்தால் வேலை கண் முன்னால் நிற்கிறது. செய்தது சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, செய்ததாக இருக்க வேண்டும். ஏஐ எழுதிக் கொடுத்த அறிமுகத்தை அப்படியே ஒட்டினால், இன்டர்வியூவில் அந்த வரியைப் பிடித்துக் கேட்கும்போது மாட்டிக்கொள்வான். ஒவ்வொரு வரியைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேச முடிகிறதா என்று வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். முடியாத வரியை எடுத்துவிடலாம்.

படம் செல்ஃபி வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில், வெறும் சுவரின் முன்னால், தோள் வரை யாரையாவது எடுக்கச் சொன்னால் போதும். திருத்தம் செய்யத் தொடங்கும் முன், லிங்க்ட்இனில் மாற்றங்களை அறிவிக்கும் செட்டிங்கை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் திருத்தங்கள் தொடர்பில் இருப்பவர்களுக்கு அறிவிப்பாகப் போகலாம். தேதிகளும் பதவிப் பெயர்களும் ரெஸ்யூமேயோடு பொருந்த வேண்டும். மூன்று பேர் சேர்ந்த கல்லூரிக் குழுவுக்கு "தலைமைச் செயல் அதிகாரி" என்று போட்டுக்கொள்வது நம்பகத்தையே கெடுக்கும்.

வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஆஃபர் லெட்டரைப் படம் பிடித்துப் போடுபவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். சம்பளம், குறிப்பு எண், கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். மார்க் ஷீட், ஹால் டிக்கெட்டும் அப்படித்தான். கணினி படிக்கும் பிள்ளைக்கு, கோடு எழுதிச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இதே ஆபத்து வேறு வடிவில் வரும். கோடுக்குள் பாஸ்வேர்டோ ஏபிஐ கீயோ (ஒரு சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியச் சாவி) தெரியாமல் ஏறிவிட்டால், அடுத்த கமிட்டில் (சேமிக்கும் மாற்றத்தில்) அழித்தாலும் பழைய வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும். அந்த கீயையே ரத்து செய்து புதிதாக வாங்க வேண்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளையின் மதிப்பெண், உடம்புக்கு வந்த நோய், சிறு வயதுப் படம் என்று உங்கள் பக்கத்தில் பொதுவில் கிடப்பதும் அவன் பெயரில்தான் சேரும். அவனிடம் கேட்டு, வேண்டாம் என்பதை எடுத்துவிடுங்கள். அவன் பாஸ்வேர்டை மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் உங்களுக்குத் தெரியாத இரண்டாவது கணக்கு ஒன்று தொடங்கும்.

அழித்தது கூகுளில் இருந்து மறைய நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். அதனால் விண்ணப்பிப்பதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்கினால் நிதானமாகச் செய்யலாம். மேற்கோள் குறிக்குள் பெயரைப் போட்டு கூகுள் அலர்ட் ஒன்று வைத்துவிட்டால், புதிதாக ஏதாவது வரும்போது பெரும்பாலும் மின்னஞ்சலில் தெரிந்துவிடும். அலர்ட்டுக்கு எல்லாமே சிக்காது என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தத் தாளை எடுத்து மறுபடி தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.