போனி எக்ஸ்பிரஸ் குதிரைத் தபாலை மூட வைத்தது தந்தி மட்டும்தானா?

கேள்வி: அமெரிக்காவில் குதிரையில் தபால் கொண்டுபோன போனி எக்ஸ்பிரஸ் ஒன்றரை வருடத்தில் மூடப்பட்டது ஏன்? தந்தி வந்ததாலா? அவ்வளவு குறைந்த காலம் ஓடியதை இன்னும் ஏன் பேசுகிறார்கள்?

தந்தி கடைசி அடி, அவ்வளவுதான். தந்தி வராமல் இருந்திருந்தாலும் அந்தக் கம்பெனி ரொம்ப நாள் தாங்கியிருக்காது என்பது என் கணிப்பு. நான் ஒரு பார்சல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். அதனால் இந்தக் கதையில் குதிரையைவிட ரேட்டும் எடையும்தான் முதலில் கண்ணில் படுகின்றன.

1860 ஏப்ரல் 3-ஆம் தேதி தொடங்கியது. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப்பிலிருந்து கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ வரை ஏறக்குறைய 1,900 மைல். கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்து ஜனம் குவிந்து பத்து வருடம் ஆகியும், கிழக்கிலிருந்து ஒரு கடிதம் அங்கே போய்ச் சேர மூன்று, நான்கு வாரம் பிடித்தது. ஒன்று, கப்பலில் பனாமா வழியாகப் போக வேண்டும். இல்லையென்றால் பட்டர்ஃபீல்டு கம்பெனியின் கோச்சு வண்டியில் டெக்சாஸ் பக்கமாகத் தெற்கே சுற்ற வேண்டும். குதிரைத் தபால் நேர் குறுக்கே போய்ப் பத்து நாளில் சேர்த்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடிதப் பைதான். மொச்சிலா என்று பெயர். சேணத்தின் மேல் போர்த்துகிற தோல் விரிப்பு அது. சேணத்தின் முன்கொம்பு நுழைவதற்கும் பின்பக்க முதுகு நுழைவதற்கும் நடுவில் வெட்டிவிட்டிருப்பார்கள். நான்கு மூலையிலும் கெட்டித் தோலில் ஒரு உறை. மூன்று உறைகளுக்குப் பூட்டு, நான்காவது வழியில் ஏறி இறங்கும் தபாலுக்கு. கட்டு, கொக்கி எதுவும் கிடையாது. சவாரிக்காரன் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கனமே அதைப் பிடித்துக்கொள்ளும். நிலையம் வந்ததும் ஒரே இழுப்பில் உருவி, தயாராக நிற்கும் அடுத்த குதிரையின் மேல் வீசி ஏறிப் போய்விடலாம். இதற்கு இரண்டு நிமிடம் அனுமதி. பத்துப் பதினைந்து மைலுக்கு ஒரு குதிரை, 75 முதல் 100 மைலுக்கு ஒரு ஆள். ஆளும் குதிரையும் மாறிக்கொண்டே இருக்க, பை மட்டும் இரவு பகலாக ஓடியது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு நடைக்கு அதிகபட்சம் 20 பவுண்டு, அதாவது ஒன்பது கிலோ தபால். அரை அவுன்ஸுக்கு, சுமார் 14 கிராமுக்கு, தொடக்கத்தில் 5 டாலர் கட்டணம். சாதாரணத் தபாலில் கலிபோர்னியாவுக்கு அப்போது 10 சென்ட்தான்! அதனால் மெல்லிய தாளில் நுணுக்கி எழுதினார்கள். வியாபாரிகள், பத்திரிகைகள், அரசாங்கம் தவிர வேறு யார் அனுப்புவார்கள்? முதல் நடையில் போனது 49 கடிதம், கொஞ்சம் தந்திச் செய்தி, செய்தித்தாள். கடைசிவரை மொத்தம் 35,000 வாக்கில். நடை சுமார் 300. ஒரு நடைக்கு நூற்றுச் சொச்சம் கடிதம் வருகிறது. அதற்காக 400 குதிரைக்குத் தீனி, ஆள் அம்பு, 190 வரை நிலையம். அதில் பல இடங்களில் தீனியைக்கூட வெளியிலிருந்து வண்டியில் கொண்டுபோய்ப் போட வேண்டும். யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான்.

முதலாளிகளுக்கு இது தெரியாதா? தெரியும். ரஸ்ஸல், மேஜர்ஸ், வாடெல் மூவரும் ராணுவத்துக்குச் சரக்கு ஏற்றி வளர்ந்தவர்கள். 1857-இல் யூட்டா படையெடுப்பின்போது அவர்களுடைய வண்டிகள் எரிந்து பெருநஷ்டம். அரசாங்கம் ஈடு கொடுக்கவில்லை. பட்டர்ஃபீல்டுக்கோ தபாலுக்கு வருடம் 6 லட்சம் டாலர் கிடைத்துக்கொண்டிருந்தது. தெற்கே சுற்றாமல் நேர் குறுக்கே போகும் நடு வழியில் குளிர்காலத்திலும் போகலாம் என்று காட்டிவிட்டால் அந்த ஒப்பந்தத்தைப் பிடிக்கலாம் என்பது ரஸ்ஸலின் கணக்கு. என்னைக் கேட்டால், போனி எக்ஸ்பிரஸ் ஒரு டெண்டருக்காகச் செய்த விளம்பரச் செலவு.

ஆரம்பித்த அடுத்த மாதமே நெவாடாவில் பாயூட் பழங்குடி மக்களோடு சண்டை மூண்டது. நிலையத்து ஆட்கள் பாயூட் பெண்களைக் கடத்தி அடைத்து வைத்ததுதான் தொடக்கம் என்கிறார்கள். நிலையங்கள் எரிந்தன, சில வாரம் தபால் நின்றது, சுமார் 75,000 டாலர் நஷ்டம். அந்தக் கலவரத்தில் பாப் ஹாஸ்லம் என்ற சவாரிக்காரர் போகவும் வரவுமாக 380 மைல் ஓட்டினார். அந்த வருடக் கடைசியில், கையிருப்பு தீர்ந்த ரஸ்ஸல் அரசாங்கக் கடன்பத்திரங்களை முறைகேடாக வாங்கி அடகு வைத்த வழக்கில் கைதானார். 8,70,000 டாலர் மதிப்புப் பத்திரங்கள்!

வழி சரிதான் என்று நிரூபித்தும் விட்டார்கள். 1861 மார்ச்சில் லிங்கனின் பதவியேற்பு உரையை 7 நாள் 17 மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதே மாதம் ஒப்பந்தமும் நடு வழிக்கு மாறியது, வருடம் 10 லட்சம் டாலர். ஆனால் கிடைத்தது பட்டர்ஃபீல்டு தொடங்கிய ஓவர்லேண்டு மெயில் கம்பெனிக்கு. டெக்சாஸ் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோனதால் தெற்கு வழி அடைபட்டு, அவர்களைத்தான் இந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். ரஸ்ஸல் ஆட்களுக்குக் கிழக்குப் பாதியில் உள்குத்தகை மட்டும் மிஞ்சியது. தந்திக் கம்பி போட்டு முடியும் வரை குதிரைத் தபாலை நடத்த வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. அதாவது மூடும் நாளையும் சேர்த்தே எழுதிவிட்டார்கள். தந்திக்கு மானியம் தரும் சட்டம் 1860 ஜூனிலேயே நிறைவேறியிருந்தது, குதிரை ஓடத் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகாதபோது. இரு பக்கமிருந்தும் நட்டுக்கொண்டு வந்த கம்பங்கள் 1861 அக்டோபர் 24 அன்று சால்ட் லேக் சிட்டியில் இணைந்தன. இரண்டு நாளில் மூடல் அறிவிப்பு.

அப்புறம் ஏன் இவ்வளவு புகழ்? அதற்குப் பஃபலோ பில் கோடிதான் காரணம். 1883 முதல் ஊர் ஊராகப் போன அவருடைய வைல்ட் வெஸ்ட் என்ற குதிரைச் சாகசக் காட்சியில் குதிரை மாற்றும் அந்த இரண்டு நிமிடம் ஒரு தவறாத அயிட்டம். தானும் சவாரிக்காரனாக இருந்ததாகச் சொல்லிக்கொண்டார். 1860-இல் அவருக்கு வயது 14, ஆய்வாளர்கள் பலர் நம்புவதில்லை. ‘அநாதைகளுக்கு முன்னுரிமை’ என்று இணையத்தில் சுற்றும் வேலை விளம்பரமும் அப்படித்தான். அந்தக் காலத்துப் பத்திரிகை எதிலும் அது கிடைக்கவில்லை, பிற்காலச் சரக்கு. டீ ஷர்ட்டில் மட்டும் நன்றாக விற்கிறது.