பம்பிங் 30 சதவீதம்: இதயச் செயலிழப்பு பற்றி வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பாவுக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்ததில் ‘இ.எஃப். 30 சதவீதம்’ என்று வந்திருக்கிறது. இதயத்தில் 30 சதவீதம்தான் வேலை செய்கிறது, மீதி 70 போய்விட்டது என்று எடுத்துக்கொள்வதா டாக்டர்?

பதில்: அப்படி இல்லை. இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் நிரம்பிய ரத்தம் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. நலமான இதயத்திலேயே ஏறக்குறைய 55 முதல் 70 சதவீதம்தான் வெளியே போகும். மிச்சம் உள்ளேயே தங்கும். வெளியே போகும் அந்தப் பங்குதான் இ.எஃப்., பேச்சுவழக்கில் ‘பம்பிங்’. ஆகவே அப்பாவின் 30ஐ 60உடன் ஒப்பிடுங்கள், 100உடன் அல்ல. குறைவுதான், கவனமாகச் சிகிச்சை எடுக்க வேண்டிய குறைவுதான். ஆனால் முக்கால்வாசி இதயம் போய்விட்டது என்று வீட்டில் யாரும் கலங்க வேண்டாம்.

இந்தப் பங்கை மட்டும் வைத்து இதயத்தின் நிலையை முடிவு செய்துவிடவும் முடியாது. விரிந்து பெரிதாகிவிட்ட கீழறையில் 220 மி.லி. ரத்தம் நிரம்புகிறது என்று வையுங்கள். 30 சதவீதம் என்றால் 66 மி.லி. வெளியே போகிறது. நலமான அறையில் 120 மி.லி. நிரம்பி, 60 சதவீதம் போனால் 72 மி.லி. ஓய்வாக இருக்கும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் 30 உள்ள சிலர் உட்கார்ந்திருக்கும்வரை நன்றாக இருக்கிறார்கள், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதற்கு நேர்மாறாக, தசை தடித்து விறைத்துப்போன அறையில் 70 மி.லி.தான் நிரம்பும். அதில் 60 சதவீதம் 42 மி.லி. மட்டுமே. ரிப்போர்ட்டில் ‘பம்பிங் நார்மல்’ என்றிருக்கும், ஆனால் உடலுக்குத் தேவையான ரத்தம் போகாததால் இவருக்கும் இதயச் செயலிழப்புதான். 40ம் அதற்குக் கீழும், 41 முதல் 49 வரை, 50ம் அதற்கு மேலும் என்று மூன்றாகப் பிரித்து நாங்கள் சிகிச்சை வகுப்பது இதனால்தான்.

இன்னொன்று: ஒரே நோயாளிக்கு இருவர் எக்கோ பார்த்தால் 5 முதல் 10 புள்ளிகள்வரை மாறி வரலாம். போன மாதம் 30, இந்த மாதம் 34 என்றால் முன்னேற்றம் என்று மகிழவோ, 27 என்றால் பயப்படவோ தேவையில்லை.

கேள்வி: எனக்குப் பிரஷரும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஆனால் டாக்டர் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை உட்பட நான்கு வகை எழுதியிருக்கிறார். மருந்துக்கடையிலும் ‘இது சுகர் மாத்திரை ஆச்சே’ என்கிறார்கள். எல்லாம் தேவைதானா?

பதில்: பம்பிங் 40 அல்லது அதற்குக் கீழே என்றால், தேவை. நான்கும் நான்கு வெவ்வேறு இடங்களில் வேலை செய்கின்றன.

இதயம் பலவீனப்பட்டதும் உடல் அதை ரத்த இழப்பு என்று எடுத்துக்கொண்டு அட்ரினலினையும், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களையும் அதிகமாகச் சுரக்கிறது. ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. சில மணி நேரத்துக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. மாதக்கணக்கில் நீடித்தால் இதயத்தசையையே நார்த்திசுவாக மாற்றி அழிக்கிறது. இந்தச் சங்கிலியை ஒவ்வோர் இடத்திலும் அறுப்பதுதான் மருந்துகளின் வேலை. 1987இல் எனலாப்ரில், 1999இல் பைசோபிரோலால், மெட்டோபிரோலால் போன்ற பீட்டா தடுப்பிகள், அதே ஆண்டில் ஸ்பைரோனோலாக்டோன் என்று ஒவ்வொன்றும் பெரிய ஆய்வில் இறப்பைக் குறைத்துக் காட்டின. 2014இல், எனலாப்ரிலின் இடத்தில் கொடுக்கும் சாக்குபிட்ரில்–வல்சார்டன் அதைவிட மேலானது என்று தெரிந்தது. 2019இல் நான்காவது வகையான டாபாகிளிஃப்ளோசின். இது சர்க்கரை நோய்க்காகப் பிறந்த மருந்து. ஆனால் அந்த ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோயே கிடையாது, பலன் இரு தரப்புக்கும் கிடைத்தது. மருந்துக்கடையில் சொல்வதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

நடைமுறையில் எங்கே சிக்கல் வருகிறது என்பதையும் சொல்கிறேன். முதல் சிக்கல், தொடக்க அளவிலேயே தங்கிவிடுவது. பைசோபிரோலால் 1.25 மி.கி.யில் தொடங்கி, தாங்கினால் 10 மி.கி.வரை போக வேண்டிய மருந்து. இன்னொரு பீட்டா தடுப்பியான கார்வெடிலால் 3.125 மி.கி. இருவேளையில் தொடங்கி 25 மி.கி. இருவேளைக்கு ஏறும். ஆய்வுகளில் உயிரைக் காத்தது அந்த உயர்ந்த இலக்கை நோக்கி ஏற்றிய சிகிச்சைதான். டாபாகிளிஃப்ளோசின், அதே வகையைச் சேர்ந்த எம்பாகிளிஃப்ளோசின் இரண்டுக்கும் 10 மி.கி. ஒரே அளவு, ஏற்ற வேண்டியதில்லை. 2022இல் வெளிவந்த ஸ்ட்ராங்-எச்எஃப் ஆய்வில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய இரண்டே வாரத்தில் மூன்று வகை மருந்துகளை முழு அளவுக்கு ஏற்றினார்கள். கூடவே அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் நேரில் பார்ப்பதும் இருந்தன. 180 நாட்களில் இறந்தவர்கள் அல்லது இதயச் செயலிழப்பால் மறுபடி அனுமதிக்கப்பட்டவர்கள் 15.2 சதவீதம், வழக்கமான முறையில் 23.3 சதவீதம். ‘மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று மாதங்களைத் தள்ளுவது பத்திரமான வழி அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

இரண்டாவது, பிரஷர் இறங்குகிறது என்று முக்கிய மருந்தையே நிறுத்துவது. மேல் அளவு 95 இருந்தும் தலைசுற்றல் இல்லையென்றால் பெரும்பாலும் மருந்து தொடரும். தலைசுற்றினால் முதலில் குறைக்க வேண்டியவை வேறு: வீக்கம் வற்றிய பிறகும் தொடரும் கூடுதல் நீர் மாத்திரை, அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான சில மாத்திரைகள். இவற்றைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

மூன்றாவது பொட்டாசியம். ஸ்பைரோனோலாக்டோன் தொடங்கிய 1ஆம் வாரத்திலும் 4ஆம் வாரத்திலும் ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்தே ஆக வேண்டும். பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினால் மருந்தின் அளவைப் பாதியாக்குவோம், 6ஐத் தாண்டினால் நிறுத்துவோம். இந்தப் பரிசோதனையைத் தவறவிடுவது இதயத்துடிப்பையே நிறுத்திவிடக்கூடிய ஆபத்து.

கடைசியாக: எனலாப்ரில், ராமிப்ரில் வகையிலிருந்து சாக்குபிட்ரில்–வல்சார்டனுக்கு மாறும்போது நடுவே 36 மணி நேரம் இடைவெளி கட்டாயம். இரண்டும் சேர்ந்தால் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சடைக்கலாம். பழைய மாத்திரை வீட்டில் மிச்சம் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள்.

கேள்வி: ‘புதிய மருந்து 26 சதவீதம் பலன்’ என்றெல்லாம் செய்தி வருகிறது. நூறு பேரில் 26 பேர் பிழைப்பார்கள் என்று அர்த்தமா?

பதில்: இல்லை. நீங்கள் சொல்லும் 26, டாபாகிளிஃப்ளோசினைச் சோதித்த டாபா-எச்எஃப் ஆய்விலிருந்து வந்தது. 4,744 பேர், நடுமதிப்பாக 18 மாதம் கண்காணிப்பு. இதய நோயால் இறப்பு அல்லது இதயச் செயலிழப்பு மோசமாவது, இந்த இரண்டில் ஒன்று நேர்ந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 21.2 சதவீதம், மருந்துக் குழுவில் 16.3 சதவீதம். வித்தியாசம் 4.9. அதாவது சுமார் 20 பேர் ஒன்றரை ஆண்டு சாப்பிட்டால், அவர்களில் ஒருவருக்கு அந்த இடர் தவிர்க்கப்படுகிறது. காலத்தையும் கணக்கில் சேர்த்து இரு குழுக்களின் விகிதத்தைப் பார்க்கும்போதுதான் 26 வருகிறது. இரண்டு எண்களும் உண்மையே. உங்களுக்கு எவ்வளவு பலன் என்று அறிய உதவுவது 4.9தான். இருபதில் ஒருவர் என்பது இதய மருத்துவத்தில் மிக நல்ல பலன்.

செய்தி படிக்கும்போது இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: எது குறைந்தது? பம்பிங் எண் மாறியதா, ஆயுள் நீண்டதா? மில்ரினோன் இதயத்தைப் பலமாகச் சுருங்கவைக்கும் மருந்து. அதை மாத்திரையாகத் தொடர்ந்து கொடுத்த 1991 ஆய்வில் இறப்பு 28 சதவீதம் கூடியது. களைத்த தசையைச் சாட்டையால் அடித்து ஓட்டியது போல ஆயிற்று. நேர்மாறாக, பீட்டா தடுப்பிகள் இதயத்தின் வேகத்தைத் தணிப்பவை. பலவீனமான இதயத்துக்கு ஆகவே ஆகாது என்று ஒரு காலத்தில் பாடநூல்களே சொல்லின. உயிரைக் காத்தவை அவைதான். ‘பம்பிங்கை ஏற்றும்’ என்று விளம்பரம் செய்யும் எதையும் இந்த வரலாற்றை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

கேள்வி: என் மனைவிக்குப் பம்பிங் 28லிருந்து 52க்கு வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். இதே கேள்வியைத்தான் ட்ரெட்-எச்எஃப் ஆய்வு எடுத்துக்கொண்டது. தசை விரிந்த இதய நோயிலிருந்து மீண்டு, எந்தத் தொல்லையும் இல்லாமல் இருந்த 51 பேரில், 25 பேருக்கு மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். ஆறே மாதத்தில் 11 பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. எண் 52 ஆனது மருந்து இருப்பதால். நீர் மாத்திரையை மட்டும், வீக்கமும் மூச்சுத்திணறலும் இல்லாதபோது, டாக்டர் குறைக்கக்கூடும்.

கேள்வி: பம்பிங் 60 இருந்தும் மூச்சு வாங்குகிறது. என்.டி. புரோ பி.என்.பி. 450. இது இதயமா, நுரையீரலா?

பதில்: என்.டி. புரோ பி.என்.பி., பி.என்.பி. இரண்டும் இதயத்துக்குச் சுமை கூடும்போது ரத்தத்தில் கூடும் பொருள்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. வெளிநோயாளியாக வருபவருக்கு 125க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்பு இருக்க வாய்ப்பு குறைவு. அவசரப் பிரிவுக்குத் திடீர் மூச்சுத்திணறலோடு வருபவருக்கு அந்த எல்லை 300. மேலே போனால் சந்தேகம் எழுகிறது, உறுதியாவதில்லை. வயது, சிறுநீரகக் குறைபாடு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு ஆகியவை எண்ணை ஏற்றும். உடல் பருமன் இறக்கும். பருமனான ஒருவரின் 110ஐ நம்பி நோயில்லை என்று அனுப்பிவிடக் கூடாது. சாக்குபிட்ரில் சாப்பிடுபவருக்கு பி.என்.பி. பரிசோதனை பொய்யாக உயரும், என்.டி. புரோ பி.என்.பி.யைத்தான் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு எக்கோவில் இடது மேலறையின் அளவு, அழுத்தக் கணக்குகள் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இதயம்தான் என்று உறுதியானால், இந்த வகைக்கு மருந்தே இல்லை என்ற பழைய நிலை இப்போது இல்லை. எம்பாகிளிஃப்ளோசின் 2021இலும், டாபாகிளிஃப்ளோசின் 2022இலும், ஃபினெரினோன் 2024இலும் பலன் காட்டின. வயதானவருக்குத் தசை தடித்திருந்து, இரு கைகளிலும் முன்பே மணிக்கட்டு நரம்பு அழுத்தத்துக்கு அறுவை நடந்திருந்தால், இதயத்தில் அமிலாய்டு என்ற கோளாறான புரதம் படிந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது.

கேள்வி: உப்பு, தண்ணீர் எவ்வளவு? உப்பே இல்லாமல் சாப்பிட முடியவில்லை.

பதில்: உப்பே இல்லாமல் சாப்பிடத் தேவையில்லை. நாளுக்கு 5 கிராம் உப்புக்குள், அதாவது சுமார் 2 கிராம் சோடியத்துக்குள் நில்லுங்கள். சோடியத்தை 1.5 கிராமுக்குக் கீழே இறக்கிப் பார்த்த 2022 ஆய்வில், வழக்கமான அறிவுரை பெற்றவர்களைவிட இறப்போ மருத்துவமனை வரவோ குறையவில்லை. தண்ணீரை எல்லோருக்கும் ஒன்றரை லிட்டரில் நிறுத்த வேண்டியதில்லை. வீக்கம் மிகுந்தவர்களுக்கும் ரத்தத்தில் சோடியம் குறைந்தவர்களுக்கும்தான் அந்தக் கட்டுப்பாடு.

‘குறைந்த சோடியம் உப்பு’ என்று விற்பதை வாங்கவே வேண்டாம். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. ஸ்பைரோனோலாக்டோனோடு சேர்ந்தால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறும்.

எடை பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில், ஒரே எந்திரத்தில். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பல்ல, நீர். கால் வீங்கும்வரை காத்திராமல் அன்றே டாக்டரை அழையுங்கள்.

கேள்வி: ஹீமோகுளோபின் 12.8. ரத்தசோகை இல்லை. பிறகு ஏன் இரும்புச்சத்து ஊசி?

பதில்: இதயச் செயலிழப்பில் ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் தசைக்கு இரும்பு போதாமல் போகலாம். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 100க்குக் கீழே, அல்லது 100 முதல் 299 வரை இருந்து, ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினின் செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று கொள்கிறோம். மாத்திரை கொடுத்துப் பார்த்த 2017 ஆய்வில் உடல்திறன் கூடவில்லை. அழற்சியால் கூடும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் குடலிலேயே இரும்பைத் தடுத்துவிடுகிறது. நரம்பு வழி ஊசியில் நடக்கும் தூரமும் தெம்பும் கூடுகின்றன. ஆயுளை நீட்டுகிறது என்று இன்னும் தெளிவாக நிரூபணமாகவில்லை.

கேள்வி: மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போடலாமா?

பதில்: கூடாது. இபுபுரோஃபெனும் கூடாது. சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் பிடித்துவைத்து, நீர் மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். நிலையாக இருந்தவர்கள் சில நாளில் மூச்சுத்திணறலோடு வந்து சேருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பாராசிட்டமால் போதும், ஆனால் தண்ணீரில் கரைத்து நுரைக்கும் வகை வேண்டாம். அதில் சோடியம் அதிகம்.