லண்டன் எல்பிசி வானொலி: கேட்டதும் சொன்னதும்

லண்டன் நகரத்துக்கென்று தொடங்கிய செய்தி, பேச்சு வானொலியான எல்பிசியைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும். வேறொரு சிறிய நிலையத்தில் நேயர் அழைப்புகளை எடுக்கும் மேசையில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். உள்ளே நடப்பது பற்றிச் சொல்வது அந்த அனுபவத்தில்.

எப்போது தொடங்கியது? பிபிசிக்குப் போட்டியாகவா?

1973 அக்டோபர் 8. அதுவரை பிரிட்டனில் வானொலி நடத்தும் உரிமை பிபிசிக்கு மட்டும்தான் இருந்தது. 1972-இல் வந்த சட்டம் விளம்பர வருமானத்தில் ஓடும் உள்ளூர் நிலையங்களுக்கு வழிவிட்டது. அப்படி உரிமம் பெற்று முதலில் ஒலித்தது எல்பிசி. எட்டு நாள் கழித்து, பாட்டும் பொழுதுபோக்குமாக கேபிடல் ரேடியோ வந்தது. எல்பிசி குடியேறியது ஃப்ளீட் தெருவை ஒட்டிய கஃப் சதுக்கத்தில். சுற்றிலும் பத்திரிகை அலுவலகங்கள். செய்திக்காரர்கள் புழங்கும் தெருவிலேயே போய் உட்கார்ந்தது நல்ல முடிவு.

நாள் முழுக்கச் செய்தி என்ற யோசனை அவர்களுடையதா, அண்ணா?

இல்லை தம்பி, அமெரிக்காவில் முன்பே இருந்தது. நியூயார்க்கின் 1010 விண்ஸ் நிலையம் 1965 ஏப்ரல் 19 அன்று பாட்டை விட்டுவிட்டு முழுநேரச் செய்திக்கு மாறியது. ‘22 நிமிடம் கொடுங்கள், உலகத்தைத் தருகிறோம்’ என்பது அவர்களுடைய வாசகம். அதே ஆண்டு நவம்பர் 9 மாலை நியூயார்க் நகரமே இருளில் மூழ்கியது. விண்ஸின் ஒலிபரப்புக் கோபுரம் நியூஜெர்சி பக்கம் இருந்ததால் ஒலிபரப்புத் தொடர்ந்தது. பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் கையில் இருந்தவர்களுக்கு அன்று செய்தி கிடைத்தது. எல்பிசி இந்த முழுநேரச் செய்தி முறையோடு நேயர்களின் பேச்சையும் சேர்த்துக்கொண்டது.

மற்ற நிலையங்களுக்கும் செய்தி கொடுத்தார்களாமே?

ஆமாம். ஐஆர்என் என்ற செய்திச் சேவை எல்பிசியோடு சேர்ந்தே வளர்ந்தது. பிரிட்டனின் மற்ற வணிக வானொலிகள் அதன் செய்தி அறிக்கைகளை வாங்கி ஒலிபரப்பின.

நடுவில் உரிமமே போய்விட்டதா?

போனது. 1993-இல் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை, வேறு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 1996-இல் எல்பிசி என்ற பெயர் மறுபடி வந்தது. 2003-இல் நேயர் பேச்சு 97.3 எஃப்எம்முக்கு மாறியது. 2014 பிப்ரவரியில் டிஜிட்டல் வழியாக நாடு முழுக்கப் போனது. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. நாடு முழுக்கக் கேட்கிறது என்றால், ஒரு தெருவில் பேருந்து நின்றுபோனதைப் பற்றி அரைமணி நேரம் பேச முடியாது. அந்த அரைமணிதான் உள்ளூர் வானொலியின் உயிர்.

யாரைப் பேசவிடுவது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? நான் இதழியல் மாணவி, அதனால் விவரமாகச் சொல்லுங்கள் ஐயா.

அழைப்பு நேராகத் தொகுப்பாளருக்குப் போகாதம்மா. முதலில் எடுப்பது எங்களைப் போன்றவர்கள். பெயர், ஊர், என்ன சொல்லப்போகிறார் என்று ஒரே ஒரு வரி. அதைத் தட்டச்சு செய்தால் ஸ்டுடியோவுக்குள் இருக்கும் திரையில் தெரியும். அந்த ஒரு வரியை எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘கட்டண உயர்வுக்கு எதிர்ப்பு’ என்று எழுதினால் அந்த அழைப்பு வரிசையில் அப்படியே கிடக்கும். ஒரு நாள் பேருந்துக் கட்டணம் பற்றி விவாதம். ஓர் அம்மா, ‘எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது’ என்று தயங்கித்தான் தொடங்கினார். அப்புறம், சின்னவளை மட்டும் பேருந்தில் ஏற்றிவிட்டுப் பெரியவனை நடக்கச் சொல்வதாகச் சொன்னார். ‘ஒரு பிள்ளைக்குப் பேருந்து, ஒரு பிள்ளைக்கு நடை’ என்று அடித்தேன். அடுத்த அழைப்பே அவருடையதுதான். புள்ளிவிவரத்தோடு காத்திருந்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள், ஆனால் அன்றைய நிகழ்ச்சியைத் தூக்கி நிறுத்தியது அந்த அம்மாவின் பேச்சு.

யாராவது கெட்ட வார்த்தை பேசிவிட்டால்?

அதற்குத்தான் தாமதக் கருவி. பேசுவது சில நொடிகள் கழித்தே வெளியே போகும். ஏழு நொடி என்பது பழைய வழக்கம். தவறான வார்த்தை வந்தால் பொத்தானை அழுத்தினால் போதும், சேமிப்பில் இருக்கும் அந்த நொடிகள் காணாமல் போகும். கருவி பிறகு பேச்சை நாம் உணராத அளவுக்கு மெல்ல இழுத்து இழுத்து அந்த இடைவெளியை மறுபடி சேர்த்துக்கொள்ளும். ஒலிநாடா காலத்தில் பதிவு செய்யும் முனைக்கும் படிக்கும் முனைக்கும் நடுவே நாடாவை நீளமாக ஓடவிட்டுத்தான் இதைச் செய்தார்கள்.

இப்போதைய நிகழ்ச்சிகளில் எதைக் கேட்கச் சொல்வீர்கள்?

ஜேம்ஸ் ஓ’பிரையன் வியாழன் மதியம் நடத்தும் ‘மிஸ்ட்ரி ஹவர்’. ஒரு நேயர் சந்தேகம் கேட்பார், இன்னொரு நேயர் அழைத்துப் பதில் சொல்வார். இணையத்தில் தேடிச் சொல்லக் கூடாது. ‘உங்களுக்கு இது எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அந்தக் கேள்விதான்.

எனக்கும் அழைக்க ஆசை, ஆனால் பேச வருமா என்று பயம்.

வரும். சொல்ல வேண்டியதில் முதல் வாக்கியத்தை மட்டும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மீதி தானாக வரும். உங்களுக்கு நடந்ததிலிருந்து தொடங்குங்கள். முக்கியமாக, அறையில் ஓடும் வானொலியை அணைத்துவிடுங்கள். தாமதக் கருவியால் உங்கள் குரலே சில நொடி கழித்துக் காதில் விழும், பேச்சு தடுமாறிவிடும்.