எங்கள் கம்பெனியில் அவசர வழிக் கதவைப் பூட்டியே வைக்கிறார்கள், இது சட்டப்படி சரியா?

சரியே இல்லை. உள்ளே ஆள் வேலை செய்யும்போது அந்தக் கதவைப் பூட்டக் கூடாது. உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், லிஃப்ட் வெளியேறும் வழிக் கணக்கில் சேராது, இதெல்லாம் 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பிலேயே இருக்கிறது. 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 38-வது பிரிவே தப்பிக்கப் பாதுகாப்பான வழி வேண்டும், அது தொழிலாளிக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும் என்றது.

நீங்களும் திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனி என்றுதான் நினைக்கிறேன். தைத்த துணி திருட்டுப் போகிறது என்று காரணம் சொல்வார்கள். நான் செக்கிங் சூப்பர்வைசராக இருந்த இடத்திலும் அதே பாட்டுதான். இரண்டாவது மாடி, பின்பக்கம் இரும்புப் படிக்கட்டு, அந்தக் கதவில் பூட்டு, சாவி கீழே வாட்ச்மேனிடம். துணி வாங்குகிற கம்பெனி ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும் அன்றைக்கு மட்டும் பூட்டைக் கழற்றி, வழியில் அடுக்கிய அட்டைப்பெட்டிகளை எடுத்துவிடுவார்கள். ஆடிட்டர் கார் கிளம்பியதும் பழையபடி எல்லாம் திரும்பி வந்துவிடும்.

ஒரு நாள் அயர்னிங் பக்கம் வயர் கருகித் துணிக் குவியலில் பிடித்துக்கொண்டது. கரண்டை நிறுத்தியதில் இருட்டு, கூடவே புகை, முன்படிக்கட்டுக்கு அந்த அயர்ன் டேபிளைத் தாண்டித்தான் போக வேண்டும். பெண்கள் அத்தனை பேரும் பின்கதவுக்கு ஓட, முன்னால் இருந்தவர்கள் பூட்டைப் பிடித்து இழுக்க, பின்னால் வந்தவர்கள் நெருக்க, அயர்ன் மாஸ்டர்தான் தீயணைப்பு சிலிண்டரின் அடியால் குத்திக் குத்திக் கொண்டியைப் பெயர்த்தார். பூட்டு உடையவே இல்லை, கொண்டி மரச்சட்டத்தோடு பிய்ந்து வந்தது. எல்லோரும் பிழைத்தோம்.

மறுநாளே புதுக் கொண்டி மாட்ட ஆள் வந்தான். நான் கதவை மறித்து நின்றுவிட்டேன். திருட்டு பயம் என்றால் கேட்டில் சோதனை போடுங்கள், இங்கே தள்ளினால் திறக்கிற புஷ் பாரும் திறந்தால் அலறுகிற ஹூட்டரும் வையுங்கள் என்றேன். இழுத்தடித்துத்தான் வைத்தார்கள், ஆனால் வைத்தார்கள்.

முதலாளிக்கு விரோதமாக எழுதுகிறான் என்று யாரும் வர வேண்டாம். என் அண்ணனே மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறார், அந்த நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனால் தப்பிக்க வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2012 நவம்பர் 24-ல் வங்கதேசத்தில் டாக்கா பக்கம் அஷுலியாவில் தஸ்ரீன் ஃபேஷன்ஸ் என்ற துணி கம்பெனி எரிந்து 112 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். தீ தரைத்தள குடோனில், மாடிப்படி எல்லாம் அங்கேதான் இறங்கின, வெளியே தனிப் படிக்கட்டு கிடையாது. அலாரம் அடித்தும் போய் வேலையைப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களும் நம்மைப் போலத் துணி தைத்தவர்கள்தான்.

 

சரி, உங்கள் விஷயம். பூட்டோடு கதவைத் தேதி தெரிகிற மாதிரி படம் எடுங்கள். முதலில் மேனேஜரிடம் நாலைந்து பேராகப் போய்க் கேளுங்கள், தனியாகப் போகாதீர்கள். அசையவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதுங்கள், படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.