நான்காம் காலைப் பிளஸில் கட்டலாமா?

வணக்கம் சார்,

இரண்டு 555 டைமர் ஐசி வைத்து, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ‘பீப் பீப்’ அலாரம் ஒன்றை பிரெட்போர்டில் செய்தேன். விட்டுவிட்டு ஒலிக்க வேண்டியது நிறுத்தாமல் கத்துகிறது. கூர்ந்து கேட்டால் நொடிக்கு ஒருமுறை சத்தம் மங்கி எழுகிறது, சுருதி மாறவில்லை. முதல் ஐசி கை வைக்க முடியாதபடி சுடுகிறது. புது பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. 4ஆம் காலையும் 8ஆம் காலையும் சேர்த்துப் பிளஸில் கொடுக்கவேண்டும் என்பதால் இரண்டு ஐசியிலும் அப்படியே செய்திருக்கிறேன். தவறு எங்கே?

ச., தேனி

அன்புள்ள ச.,

கடைசியில் சொன்னீர்களே, அதுதான். வேறொன்றும் அடக்காமல் தன்பாட்டில் ஓடும் 555இல்தான் 4ஐப் பிளஸில் கட்டுவது வழக்கம். அது ரீசெட் கால். ஏறக்குறைய 0.7 வோல்ட்டுக்குக் கீழே இழுத்தால் ஐசி வாயை மூடிக்கொள்ளும், விட்டால் பாடும். உங்கள் சர்க்யூட்டில் முதல் ஐசியின் 3ஆம் கால், அதாவது அவுட்புட், இரண்டாவதன் 4ஆம் காலுக்குப் போகிறது. அதே காலைப் பிளஸிலும் கட்டியதால் முதல் ஐசியின் அவுட்புட் பிளஸோடு ஷார்ட். அது லோவுக்குப் போகும் ஒவ்வொரு அரை நொடியும் பேட்டரி அதன் வழியே கிரவுண்டில் கொட்டுகிறது. சூடு அதனால், பேட்டரி வோல்டேஜ் சரிவதால் சத்தமும் மங்குகிறது. சுருதி மட்டும் ஏன் நிற்கிறது? 555 தன் கெப்பாசிட்டரை சப்ளையின் மூன்றில் ஒரு பங்குக்கும் இரண்டு பங்குக்கும் நடுவே ஏற்றி இறக்குகிறது. சப்ளை குறைந்தால் இரண்டு எல்லைகளும் சேர்ந்தே இறங்கும், நேரம் மாறாது.

இரண்டாவது ஐசியின் 4-8 வயரை மட்டும் பிடுங்குங்கள். முதல் ஐசியின் 3இலிருந்து வரும் வயர் நேராக 4க்குப் போகட்டும். ‘பாதுகாப்புக்கு’ என்று நடுவில் 10 கே ரெசிஸ்டர் போடாதீர்கள். ரீசெட் காலிலிருந்து வெளியே வரும் சிறு கரண்டுக்கே அதில் வோல்டேஜ் தேங்கிவிடும், 4 போதுமான அளவு கீழே இறங்காது, சத்தம் ஓயாது. சுட்ட ஐசியின் 3ஆம் காலில் 1 கே ரெசிஸ்டரோடு எல்இடி போட்டு, மின்னுகிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மதிப்புகளை நீங்கள் எழுதவில்லை. நான் போடுவது இவை. மெதுவான முதல் ஐசிக்கு 8க்கும் 7க்கும் நடுவே 10 கே (கிலோஓம்), 7க்கும் 6க்கும் நடுவே 68 கே, 2ஐயும் 6ஐயும் சேர்த்து அங்கிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட்: சுமார் 0.54 நொடி ஒலி, 0.47 நொடி மௌனம். ஒலி எழுப்பும் வேகமான இரண்டாவதில் அதே இடங்களில் 4.7 கே, 33 கே, 10 நானோஃபாரட்: சுமார் 2 கிலோஹெர்ட்ஸ். இரண்டிலும் 5ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 நானோஃபாரட். சப்ளைக்குக் குறுக்கே, ஐசியை ஒட்டி, 100 நானோஃபாரட்டும் 47 மைக்ரோஃபாரட்டும். பழைய பைபோலார் 555 ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் சப்ளையைக் கணநேரம் உறிஞ்சும். இவை இல்லாவிட்டால் ஒரு ஐசியின் அதிர்ச்சி மற்றதைக் குழப்பும்.

பஸ்ஸரையும் சோதியுங்கள். 5 வோல்ட் கொடுத்ததும் தானாகக் கத்தினால் அதற்குள்ளேயே ஆஸிலேட்டர் (ஒலி அலையை உண்டாக்கும் சுற்று) இருக்கிறது. அதற்கு இரண்டாவது ஐசியே வேண்டாம், மெதுவான 555 ஒன்றே போதும். வெறும் ‘டிக்’ மட்டும் கேட்டால்தான் இந்த சர்க்யூட் பொருந்தும். ரிச்சி தெருவில் வெறுமனே ‘பஸ்ஸர்’ என்று கேட்டால் எது கிடைக்கும் என்பது அன்றைய ராசி.

ஷார்ட் நீங்கிய பிறகும் பேட்டரி ரொம்ப நாள் வராது. 9 வோல்ட்டில் என்இ555 ஒவ்வொன்றும் சும்மா இருக்கவே 5 மில்லிஆம்பியர் போலக் குடிக்கும். 500 மில்லிஆம்பியர்-அவர் ஆல்கலைன் பேட்டரிக்கு இரண்டு நாள். சீமாஸ் வகையான 7555 அதே கால் வரிசைதான், மைக்ரோஆம்பியர் கணக்கில்தான் எடுக்கும். பீசோ பஸ்ஸருக்குத் தாராளம்; 8 ஓம் ஸ்பீக்கரை அதில் நேராக மாட்டாதீர்கள்.

ஆன் செய்ததும் வரும் முதல் பீப் மட்டும் நீளமாக, 0.86 நொடி இருக்கும். கெப்பாசிட்டர் அப்போது சுழியிலிருந்து ஏறுவதால் அப்படி. அதைத் தேடிக்கொண்டு வயரைப் பிரிக்காதீர்கள்.