வீரியம் போன ஃபிக்ஸரை என்ன செய்வது?

கேள்வி: வீட்டிலேயே கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுகிறேன். ஒரே ஃபிக்ஸரை எத்தனை ரோல் வரை ஓட்டலாம்? தீர்ந்ததை சிங்க்கில் ஊற்றலாமா? அதிலிருந்து வெள்ளி பிரிக்கும் கிட் விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: ஃபிலிமில் படமாக மாறாமல் மிஞ்சும் வெள்ளி உப்பைக் கரைத்து எடுக்கும் கரைசல்தான் ஃபிக்ஸர். அதில் வெள்ளி சேர்வது அப்படித்தான். கிட்டை முதலில் பார்த்துவிடுவோம். காசு தேறும் என்ற எண்ணத்தில் வாங்க வேண்டாம். நன்றாக உழைத்த ஒரு லிட்டர் ஃபிக்ஸரில் சில கிராம் வெள்ளி இருக்கலாம். அதுவும் கறுப்புச் சேறாகத்தான் வரும். உருக்கிச் சுத்தம் செய்யும் செலவு தனி. மின்சாரத்தில் பிரிக்கும் கிட்டில் மின்னோட்டம் கூடினால் வெள்ளி சல்ஃபைடாகிவிடும், அழுகிய முட்டை நாற்றமும் வரும். மாதம் இரண்டு மூன்று ரோல் கழுவுபவருக்கு இது வேண்டாத செலவு.

ரோல் கணக்கு பாட்டிலில் அச்சிட்டிருக்கும். ஆனால் அது சராசரிதான். ஃபிலிமுக்கு ஃபிலிம் வெள்ளியின் அளவு மாறும், முந்தைய கரைசல் ஒட்டிக்கொண்டு வந்து ஃபிக்ஸரை நீர்க்கவும் செய்யும். அதனால் சோதித்துப் பாருங்கள். புது ஃபிக்ஸர் கலக்கிய அன்றே, ரோலின் நுனியில் வெட்டி எறியும் துண்டு ஒன்றை அதில் போட்டு, பால்நிறம் போய்த் தெளிய எத்தனை விநாடி ஆகிறது என்று பாட்டிலிலேயே எழுதி ஒட்டுங்கள். வெளிச்சத்திலேயே செய்யலாம். பிறகு ஒவ்வொரு முறையும் ஃபிலிம் கழுவுமுன் அதே வகை ஃபிலிம் துண்டு, ஏறத்தாழ அதே வெப்பநிலை. நேரம் இரட்டிப்பானால் அந்த ஃபிக்ஸரின் கதை முடிந்தது. இன்னும் ஒரே ஒரு ரோல் என்று இழுத்தால், தண்ணீரில் எளிதில் போகாத வெள்ளிச் சேர்மங்கள் ஃபிலிமில் தங்கிவிடும். நெகட்டிவ் இன்று நன்றாகத்தான் தெரியும். கறை பின்னாளில்தான் வரும். மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

தண்ணீர் கலக்குமுன் இருக்கும் ஃபிக்ஸர் அடர்கரைசலில் பெரிய பாட்டில்தான் லாபம் என்பதும் எப்போதும் சரியல்ல. திறந்து வைத்தது நாளடைவில் கெடும். அடியில் மஞ்சளாகக் கந்தகம் படிந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

சரி, சிங்க். நான் ஊற்றச் சொல்ல மாட்டேன். கரைந்திருக்கும் வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கும், செப்டிக் டேங்கில் வேலை செய்யும் பாக்டீரியாவுக்கும் ஆகாது. மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வையுங்கள். குடிநீர், குளிர்பான பாட்டில் கூடவே கூடாது. கேன் நிறைந்ததும், ஃபிலிம் கழுவும் லேபையோ ஊரின் அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தையோ கேளுங்கள். வெள்ளியைப் பிரித்தெடுக்கும் வசதியுள்ள லேப்கள் சில வாங்கிக்கொள்ளும். போகும்முன் போன் செய்துவிடுவது நல்லது.

இரும்பு நாரைப் போட்டு வெள்ளியை அடியில் படிய வைக்கும் முறையும் உண்டு. அதற்குச் சாதாரண இரும்பு நார் வேண்டும், பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் நார் உதவாது. அப்படிப் பிரித்த பிறகும் வெள்ளி முழுதாகப் போயிருக்காது, அந்தத் திரவத்தை மறுபடி ஃபிக்ஸராகவும் பயன்படுத்த முடியாது. ஆகவே அதுவும் கேனுக்கே போகட்டும்.

அப்புறம், இந்தக் கேனில் ப்ளீச்சோ அமிலமோ கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். ஃபிக்ஸருக்குப் பிறகு வரும் முதல் அலசல் நீரிலும் வெள்ளி இருக்கும். கேனில் இடமிருந்தால் அதையும் சேருங்கள்.